இருக்கைக்கு அடியில் இருக்கிற இடம்

"ஃப்ளைட்ல இப்ப நாயைக் கூடவே வச்சுக் கூட்டிட்டுப் போகலாமாம்ல?" மதுரையில் நாய், பூனை வளர்க்கிற வீடுகளில் இந்தக் கேள்வி கொஞ்ச காலமாகவே சுற்றிக்கொண்டிருக்கிறது. மகனுக்கு டெல்லியில் வேலை, மகளுக்குப் புனேயில் பிரசவம், போனால் திரும்ப ஆறு மாதம் ஆகும், அதுவரை வீட்டுப் பூனையை யாரிடம் விடுவது என்ற கவலையில் பிறக்கிற நியாயமான கேள்வி. அது முடிவதற்குள் பக்கத்திலிருந்து ஒருவர் யோசனை சொல்லிவிடுவார்: "ஒரு தூக்க மாத்திரையப் போட்டு விடுங்கண்ணே, அதுபாட்டுக்குத் தூங்கிட்டு வந்துரும்." அந்த யோசனைதான் மனதை விட்டு இறங்க மறுக்கிறது. கேள்வியில் இருக்கிற தவறுக்கு ஒரு டிக்கெட் காசு போகும். யோசனையில் இருக்கிற தவறுக்கு அந்த உயிரே போகும்.

முதலில் கேள்வியை நேராக்கிக்கொள்வோம். கேபினில், அதாவது பயணிகள் உட்காருகிற பகுதியில் அனுமதி என்றால் மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை, பக்கத்து இருக்கையும் கிடையாது. மூடிய பைக்குள், முன் இருக்கைக்கு அடியில், ஏறியதிலிருந்து இறங்கும்வரை. நடுவில் எங்கேயும் ஜிப்பைத் திறக்கக் கூடாது. நாம் காலை நீட்டுகிற அந்த இடத்தின் உயரம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான். விமான நிறுவனங்கள் விதிமுறை என்று போட்டிருக்கிற எடை, பையின் அளவு, எந்த வரிசை, எத்தனை பிராணி என்ற எல்லாமே அந்த ஒரு சாண் இடத்திலிருந்து கிளம்பி வருபவை. முதல் வரிசை தரமாட்டார்கள், ஏனென்றால் அங்கே முன்னால் இருக்கையே இல்லை. அவசர வழி வரிசையும் தரமாட்டார்கள், ஆட்கள் இறங்கி ஓடுகிற வழியில் பை கிடக்கக் கூடாது. பெரும்பாலும் கடைசி வரிசைகள்தான். ஒரு விமானத்தில் ஒன்றிரண்டு பிராணிகளுக்கு மேல் ஏற்பதும் இல்லை. ஆகவே நமக்கு டிக்கெட் எடுத்த கையோடு நிறுவனத்தைக் கூப்பிட்டு, பிராணிக்கும் இடத்தை உறுதி செய்து, அதை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ள வேண்டும். முதலில் நமக்கு எடுத்துவிட்டு இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் அந்த விமானத்தின் பங்கு முடிந்துபோயிருக்கும். வீட்டிலிருந்தே செக்-இன் செய்கிற வசதியும் பிராணியோடு போகிறவர்களுக்குக் கிடையாது. கவுன்ட்டருக்குத்தான் போக வேண்டும். எல்லாம் முடிந்த பிறகும் விமானத்தின் கேப்டன் வேண்டாம் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை.

கூண்டோடு சேர்த்து

ஆகாசா ஏர் 2022 நவம்பர் 1 முதல் கேபினில் நாய், பூனைகளை ஏற்றத் தொடங்கியபோது வரம்பு 7 கிலோ. பின்னால் அதை 10 கிலோவாக உயர்த்தினார்கள். ஏர் இந்தியா அதற்கும் வெகுகாலம் முன்பிருந்தே ஏற்றுகிறது. எந்த நிறுவனமாக இருந்தாலும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் "கூண்டோடு சேர்த்து" என்று இருக்கும். மக்கள் கோட்டை விடுகிற இடம் அதுதான். டாக்டரிடம் தடுப்பூசி போட்டபோது 5.8 கிலோ என்று எழுதித் தந்திருப்பார், வரம்பு ஏழு என்றால் அதற்குள்தானே என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். துணிப்பை நல்லதாக வாங்கினால் பையே ஒன்று முதல் ஒன்றரை கிலோ. அடியில் விரிக்கிற பலகை, ஈரம் உறிஞ்சும் விரிப்பு, அதற்கு மேல் ஒரு துணி எல்லாம் சேர்ந்து கால் கிலோ. கவுன்ட்டர் தராசில் ஏழைத் தாண்டிவிடும். ஊசி போட்ட நாளுக்கும் பயண நாளுக்கும் நடுவே நாய் வளர்ந்தும் இருக்கும்.

எடை போடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டு எடை மெஷினில் நின்று நம் எடையைக் கழிப்பது உத்தேசத்துக்குத்தான் சரி, அரை கிலோ இப்படி அப்படிக் காட்டும். நாய் பைக்குள் இருக்க, விரிப்போடு, கழுத்துப்பட்டையோடு, சாயங்காலம் சாப்பிட்ட பிறகு, டாக்டர் வீட்டு மேடைத் தராசிலோ தெருமுனைப் பழைய பேப்பர் கடையின் எலக்ட்ரானிக் தராசிலோ போடுங்கள். வருகிற எண் வரம்புக்கு அரை கிலோ கீழே இருந்தால்தான் அந்தப் பயணத்தை நம்பலாம். இதை ஆறு வாரம் முன்னால் ஒரு தடவை, பத்து நாள் முன்னால் ஒரு தடவை செய்ய வேண்டும். குறைக்க வேண்டியிருந்தால் ஆறு வாரத்தில் 300, 400 கிராம் பக்குவமாகக் குறைக்கலாம். கடைசி இரண்டு நாள் பட்டினி போட்டுக் குறைக்கப் பார்ப்பது பாவம். அதனால் பெரிதாகக் குறைவதும் இல்லை.

எடையை விட ஏமாற்றுவது உயரம். பிராணி பைக்குள் நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், படுக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. இஞ்சு டேப்பை எடுத்து நாயைச் சுவரோரம் நிறுத்தி, தரையிலிருந்து காது நுனிவரை அளந்து பாருங்கள். குட்டை என்று நாம் நினைக்கிற ஷிட்சூவே தலையை நிமிர்த்தினால் 35 சென்டிமீட்டரைத் தொட்டுவிடும். இருக்கைக்கு அடியில் அவ்வளவு கிடையாது. தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்று, இடிபடாமல் ஒரு முழுச் சுற்றுத் திரும்ப முடிகிறதா என்பதைத்தான் கவுன்ட்டரில் கூர்ந்து பார்க்கிறார்கள். இதனால்தான் கேபினுக்குக் கட்டையான பிளாஸ்டிக் கூண்டை விடத் துணிப்பை மேல். மேல்பக்கம் இரண்டு விரற்கடை அமுங்கும், உள்ளே நுழைந்ததும் தளர்ந்துகொள்ளும். மூன்று பக்கமாவது வலை இருக்க வேண்டும். அடிப்பலகை வளையக் கூடாது. பூனை தலையால் முட்டி ஜிப்பைத் திறக்கும், அதுவும் ஐந்தே நிமிடத்தில். ஜிப்பின் இரண்டு இழுப்பான்களையும் ஒரு ஊக்கால் கோத்துவிட்டால் அந்த வேலை நடக்காது.

இந்தக் கணக்கில் யார் தேறுவார்கள்? வீட்டுப் பூனைகள் 3 முதல் 5 கிலோ, அநேகமாக எல்லாமே தேறும். ஷிட்சூ தேறும். நம் ஊரில் பொமரேனியன் என்று கூப்பிடுகிற வெள்ளை நாய் பெரும்பாலும் இண்டியன் ஸ்பிட்ஸ். அதில் சின்ன வகை 5, 6 கிலோவில் நிற்கும், பெரிய வகை 10 கிலோவுக்கு மேல் போய்விடும். இனத்தின் பெயரை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள், தராசை மட்டும் நம்புங்கள். பக் நாய் எடையில் தேறினாலும் அதற்கு வேறு ஒரு ஆபத்து இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பெருங்குடியிலிருந்து ஏற முடியுமா?

பெருங்குடியில் இருக்கிற மதுரை விமான நிலையத்திலிருந்து கிளம்புவதில் பெரும்பகுதி இண்டிகோ. இண்டிகோ பார்வையற்றோருக்கு வழிகாட்டுவது போன்ற சேவை நாய்களைத் தவிர எந்தப் பிராணியையும் ஏற்றுவதில்லை. ஆகாசாவுக்கு மதுரையில் சேவை இல்லை. சென்னை, பெங்களூரு, கொச்சியிலிருந்துதான் ஏற வேண்டும். ஆக மதுரைக்காரர்களுக்குக் கேபின் பயணம் என்பது முதலில் ஒரு கார் பயணம். சென்னைக்கு 460 கிலோமீட்டர் நாலுவழிச்சாலை, கொச்சிக்கு மலையைத் தாண்டி ஆறேழு மணி நேரம். இதை யோசித்துப் பார்த்தாலே ஒரு விஷயம் விளங்கும். சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிறவர்களுக்கு விமான யோசனையே தேவையில்லை, காரிலேயே கதவு முதல் கதவு வரை போய்விடலாம். டெல்லி, மும்பை, புனே, கொல்கத்தா என்று தூரம் போகிறவர்களுக்குத்தான் கேபின் பேச்சு. அவர்களும் காரில் போய் அதே நாளில் விமானம் ஏறாமல், நடுவில் ஒரு ராத்திரி தங்கிப் போவது நல்லது. எட்டு மணி நேரம் காரில் குலுங்கிய பூனையை அப்படியே விமானத்தில் ஏற்றினால் அது தண்ணீர்கூடக் குடிக்காது.

நம் நாய்கள் நிலைமை இன்னும் வருத்தம். இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று இந்தச் சுற்று வட்டாரத்திலேயே இத்தனை இனங்கள். இராஜபாளையத்துக்கு 2005-ல் தபால் தலையே வெளியிட்டார்கள். இவற்றில் ஒன்றுகூடக் கேபினில் போக முடியாது. ஒல்லியான சிப்பிப்பாறையே 15 கிலோவுக்குக் குறையாது. அவற்றுக்கு விமானத்தில் இருக்கிற ஒரே இடம் கீழே சரக்கு அறை. அதற்கான கூண்டு அளவைச் சர்வதேச விமானப் போக்குவரத்துக் கூட்டமைப்பான ஐயாட்டா வகுத்திருக்கிறது. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை ஒரு அளவு, அதோடு தரையிலிருந்து முழங்கை மூட்டு வரையுள்ள உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம். தோளின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு கூண்டின் அகலம். நிற்கும்போது தலையோ காதோ எது உயரமோ அதுவும் விரிப்பின் கனமும் சேர்ந்தது கூண்டின் உயரம். ஒரு சிப்பிப்பாறைக்கு உத்தேசமாகப் போட்டுப் பாருங்கள்: நீளம் 85, முழங்கை 36, தலை உயரம் 80 என்றால் கூண்டு 103 சென்டிமீட்டர் நீளமும் 83 சென்டிமீட்டர் உயரமும் வேண்டும். போயிங் 737-ன் சரக்கு அறைக் கதவின் உயரமே ஏறத்தாழ 85 சென்டிமீட்டர்தான். இராஜபாளையம் என்றால் அந்தக் கதவுக்குள் கூண்டு நுழைவதே சந்தேகம். எந்த வகை விமானம் வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கூண்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

சரக்கு அறையில் காற்றே இருக்காது என்று ஒரு பயம் ஊரில் உண்டு. அது தவறு. அங்கேயும் கேபினில் உள்ள அதே காற்றழுத்தம்தான். பயப்பட வேண்டியது தரையில் காத்திருக்கும் நேரத்தைப் பார்த்து. அக்னி நட்சத்திர வெயிலில், கான்கிரீட் தளத்தில், வண்டி மேல் கூண்டு நிற்கிற அரை மணி நேரம். நாய்க்கு உடல் முழுக்க வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் அது சூட்டை இறக்கும். சுற்றிலும் காற்றே 40 டிகிரி கொதிக்கும்போது இளைத்து என்ன பயன்? சித்திரை, வைகாசியில் மதுரையிலிருந்து எந்த நாயையும் பகல் விமானத்தில் சரக்கு அறையில் அனுப்பாதீர்கள். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

அந்த நாய்களுக்கு இரயில் இருக்கிறது. பாண்டியன் எக்ஸ்பிரஸில் முதல் வகுப்பு ஏசி உண்டு. அதில் இரண்டு படுக்கை கொண்ட கூபேயையோ நான்கு படுக்கை கொண்ட கேபினையோ முழுவதுமாக நம் பெயரில் எடுத்தால் நாயைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். டிக்கெட் எடுக்கும்போது கூபேதான் வேண்டும் என்று தேர்ந்தெடுக்க முடியாது. கோட்ட வணிகப் பிரிவுக்கு முன்கூட்டியே விண்ணப்பம் எழுதித் தர வேண்டும். கிளம்புகிற நாளில் டிக்கெட் நகல், அடையாள அட்டை, தடுப்பூசி அட்டையோடு மூன்று மணி நேரம் முன்னால் ஜங்ஷன் பார்சல் ஆபீசுக்குப் போய் நாய்க்கு லக்கேஜ் கட்டணம் கட்டி ரசீது வாங்க வேண்டும். ரசீது இல்லாமல் பிடிபட்டால் ஆறு மடங்கு கட்ட வேண்டியிருக்கும். இரண்டடுக்கு ஏசி, மூன்றடுக்கு ஏசி, ஸ்லீப்பர் எதிலும் நாய்க்கு அனுமதி இல்லை. வைகை, தேஜஸ், வந்தே பாரத் எல்லாம் உட்கார்ந்து போகிற பெட்டிகள், அவற்றிலும் கிடையாது. கடைசிப் பெட்டியில் நாய்க்கென்று இரும்புக் கூண்டு இருக்கும். அதில் தனியாக விடுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

கொடைக்கானலுக்கு மேலே

இப்போது அந்த மாத்திரை யோசனைக்கு வருவோம். விமானம் 35,000 அடியில் பறக்கும்போது கேபினுக்குள் தரைமட்டத்துக் காற்றழுத்தம் இருப்பதில்லை. அதிகபட்சம் 8,000 அடி, அதாவது சுமார் 2,400 மீட்டர் உயரத்துக்கு ஈடான அழுத்தத்தில் வைக்கிறார்கள். கொடைக்கானல் 2,133 மீட்டர். கேபினில் உட்கார்ந்திருப்பது கொடைக்கானலுக்கும் கொஞ்சம் மேலே உட்கார்ந்திருப்பது மாதிரி. மலைப்பாதையில் மூன்று மணி நேரம் வளைந்து வளைந்து ஏறுகிற உயரத்தை இங்கே இருபது, முப்பது நிமிடத்தில் ஏறிவிடுகிறோம். காற்றில் ஈரமும் மிகக் குறைவு. நல்ல உடல்நிலையில் இருக்கிற நாய், பூனைக்கு இது ஒன்றும் செய்யாது. மூச்சைக் கொஞ்சம் வேகமாக்கிக்கொள்ளும், இதயம் கொஞ்சம் கூடுதலாக அடிக்கும், சமாளித்துக்கொள்ளும்.

அந்தச் சமாளிப்பைத்தான் மாத்திரை பறிக்கிறது. நாய்களுக்கு வழக்கமாகத் தருகிற மயக்க மருந்தான அசிப்ரோமசின் இரத்தக் குழாய்களைத் தளர்த்தி இரத்த அழுத்தத்தை இறக்கும். உடல் சூட்டைச் சீராக வைத்திருக்கிற திறனையும் குறைக்கும். தவிர அது உடலை அடக்குமே ஒழியப் பயத்தை அடக்காது. நாய் பயந்துகொண்டேதான் இருக்கும், அசைய மட்டும் முடியாது. வெளியிலிருந்து பார்க்கிற நமக்குத் தூங்குவது போலத் தெரியும். விழித்திருக்கிற நாய் கழுத்து மடங்கினால் நிமிர்த்திக்கொள்ளும், வாந்தி வந்தால் தலையைத் திருப்பிக்கொள்ளும். மயக்கத்தில் இருக்கிற நாயால் இரண்டும் முடியாது. வீட்டில் கைக்குக் கிடைக்கிற அலர்ஜி மாத்திரையையோ, தாத்தாவுக்கு எழுதித் தந்த தூக்க மாத்திரையையோ பாதியாக உடைத்துக் கொடுப்பது இன்னும் மோசம். சில பிராணிகள் அதற்குத் தூங்குவதற்குப் பதில் வெறிபிடித்தது போல ஆகிவிடும். பூனைக்குப் பாரசிட்டமால் விஷம், ஒரு மாத்திரைகூட உயிரைக் குடிக்கும். கிரேஹவுண்ட் போன்ற ஒல்லி வேட்டை நாய்களின் உடலிலிருந்து சில மயக்க மருந்துகள் இறங்க வெகுநேரம் பிடிக்கும். சிப்பிப்பாறை, கன்னியின் உடல்வாகும் அதுவேதான்.

பக் நாய்க்கு வருவோம். செல்போன் விளம்பரம் ஒன்று வந்த காலத்திலிருந்து நம் ஊரில் இது பெருகிவிட்டது. பக், புல்டாக், ஷிட்சூ, பெர்சியன் பூனை எல்லாம் மூக்கு சப்பையானவை. மூக்குத் துவாரம் சிறிது, தொண்டைக்குள் அண்ணத்தின் மென்சதை மட்டும் நீளம். விழித்திருக்கும்போதே குறட்டை போன்ற சத்தத்தோடு மூச்சு விடும். மயக்கத்தில் அந்தச் சதை தளர்ந்து மூச்சுக் குழலின் வாயிலேயே விழும். மேலே 8,000 அடிக் காற்று, கீழே அடைத்த தொண்டை. பல நிறுவனங்கள் சப்பை மூக்கு நாய்களைச் சரக்கு அறையில் ஏற்க மறுப்பதற்குக் காரணம் இதுதான், அது நியாயமும்கூட. பக்கை அனுப்பியே ஆக வேண்டுமென்றால் கேபின் மட்டும்தான். அதுவும் எடை கூடாத, இளவயது நாயாக, காலை முதல் விமானத்தில், மருந்து எதுவும் இல்லாமல். எடைக்குள் அடங்கவில்லை என்றால் கார் அல்லது இரயில்.

எல்லா மருந்தும் கெட்டதா என்றால் இல்லை. காரில் போனாலே வாந்தி எடுக்கிற நாய்க்கு மாரோபிடன்ட் என்று ஒரு மாத்திரை உண்டு, அது மயக்கம் தராது, குமட்டலை மட்டும் நிறுத்தும். மிகவும் பதறுகிற பூனைகளுக்குக் கால்நடை டாக்டர்கள் கேபாபென்டின் தருவதுண்டு. அதை வீட்டில் ஒரு நாள் கொடுத்து, நடை தள்ளாடுகிறதா, எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பயணத்தில் தர வேண்டும். மனிதர்களுக்கான திரவ மருந்தை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு சேர்த்திருப்பார்கள், நாய்க்கு அது விஷம். அளவை எடை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பையைப் பழக்குவது

மாத்திரையிடம் எதிர்பார்க்கிற வேலையை ஆறு வாரத்தில் ஒரு பை செய்துவிடும். பூனை, நாய்க்குப் பயணத்தில் பயம் விமானத்தால் வருவதில்லை, அது விமானத்தைப் பார்ப்பதே இல்லை. அதற்குத் தெரிந்த உலகம் அந்தப் பைக்குள் இருக்கிற இடம் மட்டும்தான். அந்த இடம் ஏற்கெனவே அதன் சொந்த இடமாக இருந்தால் வேலை முக்கால்வாசி முடிந்தது.

முதல் வாரம் பையைக் கூடத்தில், எல்லா ஜிப்பையும் திறந்து, அது வழக்கமாகப் படுக்கிற மூலையிலேயே வையுங்கள். உள்ளே வீட்டில் உடுத்திய பழைய பருத்திச் சேலையை மடித்துப் போடுங்கள், துவைக்காமல். நம் வாசனைதான் அதற்கு வீடு. உள்ளே தள்ளக் கூடாது, ஆசை காட்டலாம். இரண்டாம் வாரம் சாப்பாட்டுத் தட்டைப் பை வாசலில் வைத்து, நாளுக்கு ஒரு விரற்கடை உள்ளே நகர்த்துங்கள். மூன்றாம் வாரம் சாப்பிடும்போது ஜிப்பை மூடி, முடித்ததும் திறங்கள். ஒரு நிமிடம், மூன்று நிமிடம், பத்து நிமிடம் என்று போகட்டும். கத்தும்போது திறந்தால் கத்தினால் திறக்கும் என்று கற்றுக்கொள்ளும். ஒரு மூச்சு அமைதியாகிற வரை பொறுத்துத் திறங்கள். அது பதறிப் பிறாண்டினால் நாம் அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம், முந்தைய படிக்கே திரும்ப வேண்டும். நான்காம் வாரம் மூடிய பையைத் தூக்கி வீட்டுக்குள் நடங்கள். பிறகு அதை ஒரு மரப் பெஞ்சுக்கு அடியில் தள்ளி, அதன் மேல் உட்கார்ந்து அரை மணி நேரம் டி.வி. பாருங்கள். இருக்கைக்கு அடியில் இருக்கிற இருட்டும் நெருக்கமும் இதுதான். இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு, பலன் மிக அதிகம். ஐந்தாம் வாரம் ஆட்டோவில் தெப்பக்குளத்தைச் சுற்றி வரலாம், அடுத்து காரில் ரிங் ரோட்டில் ஒரு மணி நேரம். ஆறாம் வாரம் விமானம் எத்தனை மணி நேரமோ அதற்கு ஒரு மணி கூட்டி முழு ஒத்திகை. ஒத்திகையில் சிறுநீர் கழித்தால் விரிப்பு தாங்குகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

காகிதங்கள் இவ்வளவு கடினமில்லை. ரேபிஸ் தடுப்பூசி மூன்று மாத வயதில், பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. பயணத்துக்குப் பல வாரம் முன்பே போட்டிருக்க வேண்டும், காலாவதியும் ஆகியிருக்கக் கூடாது. அட்டையில் மருந்து பாட்டிலின் ஸ்டிக்கர் ஒட்டி, தொகுப்பு எண் தெரிய வேண்டும். பயணத்துக்கு ஏற்ற உடல்நிலைதான் என்று பதிவு பெற்ற கால்நடை டாக்டர் தரும் சான்றிதழ் கிளம்புவதற்குச் சில நாட்களுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். எத்தனை நாள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், முன்பதிவின்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் இனம், நிறம், வயது, ஆணா பெண்ணா, டாக்டரின் பதிவு எண், முத்திரை எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பார்த்து வாங்குங்கள். மூன்று நகல் போதும். இணையத்தில் காசு கொடுத்து வாங்குகிற "மன ஆறுதல் பிராணி" சான்றிதழ்களுக்கு இங்கே மதிப்பே இல்லை. அமெரிக்காவிலேயே 2021 ஜனவரியிலிருந்து அவற்றைச் சேவைப் பிராணியாக ஏற்க வேண்டிய கட்டாயம் விமான நிறுவனங்களுக்கு இல்லை.

வெளிநாடு தனிக் கணக்கு. பிரிட்டனுக்குச் செல்லப்பிராணியைக் கேபினில் கொண்டு இறங்கவே முடியாது, சரக்காகத்தான் போக வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு முதலில் தோலுக்கு அடியில் வைக்கிற 15 இலக்க அடையாள மைக்ரோசிப், அதன் பிறகு ரேபிஸ் ஊசி, 30 நாள் கழித்து இரத்தப் பரிசோதனை, அதில் எதிர்ப்பு அளவு 0.5-க்குக் குறையாமல் இருந்தால் இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு. சிப்புக்கு முன் போட்ட ஊசி கணக்கில் வராது. அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1 முதல் ஆறு மாதம் நிறையாத நாயை எந்த நாட்டிலிருந்தும் ஏற்பதில்லை. இவர்களெல்லாம் டிக்கெட்டுக்கு ஐந்தாறு மாதம் முன்பே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

கிளம்புகிற நாள்

கடைசி முழுச் சாப்பாடு விமானத்துக்கு ஐந்தாறு மணி நேரம் முன்னால். இரண்டு கிலோவுக்கும் குறைவான குட்டி நாய்களை அவ்வளவு நேரம் பட்டினி போடக் கூடாது, சர்க்கரை இறங்கிவிடும். இரண்டு மணிக்கு ஒரு தடவை ஒரு வாய் கொடுங்கள். தண்ணீரை நிறுத்தவே வேண்டாம். உள்ளே போவதற்கு முன் வெளியே ஒரு மண் தரையில் நாயைக் கால்மணி நேரம் நடத்துங்கள்.

எல்லா ஏற்பாடும் சரியாக இருந்து, எல்லாமே கெட்டுப்போகக் கூடிய இடம் ஒன்று உண்டு. அது பாதுகாப்புச் சோதனை. பை எக்ஸ்ரே மெஷினுக்குள் போக வேண்டும், பிராணி போகக் கூடாது. ஆகப் பையைத் திறந்து, நாயை, பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு, அந்த உலோகச் சோதனை வாசல் வழியாக நடக்க வேண்டும். சுற்றிலும் தட்டுகள் உருளும் சத்தம், பீப் ஒலி, சீருடைக்காரர்கள், வரிசையில் பின்னால் நிற்கிறவர்களின் அவசரம். பூனை கையிலிருந்து துள்ளுவது இங்கேதான். துள்ளிய பூனை கூரைக்குள்ளோ பெல்ட்டுக்குக் கீழேயோ புகுந்துகொண்டால் விமானம் அதற்காகக் காத்திருக்காது.

ஆகவே வீட்டிலேயே உடம்புப் பட்டை மாட்டியிருக்க வேண்டும். கழுத்துப்பட்டை போதாது, பூனை தலையை உருவிக்கொள்ளும். நெஞ்சையும் வயிற்றையும் சுற்றிப் பிடிக்கிற பட்டை, அதில் ஒரு முழக் கயிறு. பையைத் திறப்பதற்கு முன்பே கயிற்றின் முனையை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள். திறக்கும்போது மேல் ஜிப்பை மட்டும் கை நுழைகிற அளவு. உள்ளே இருக்கிற சேலைத் துணியோடு சேர்த்து, துணி அதன் முகத்தை மூடுகிற மாதிரி, ஒரு கை பின்னங்கால்களுக்கு அடியில், இன்னொரு கை நெஞ்சில் கொடுத்து அணைத்துத் தூக்குங்கள். முகம் நம் கக்கத்தில் புதைந்திருந்தால் பூனை அசையாது. பட்டையில் இரும்புக் கொக்கி இருந்தால் மணி அடிக்கும், பிளாஸ்டிக் கொக்கி வாங்குங்கள். செல்போன், பெல்ட், வளையல் எல்லாம் முன்கூட்டியே தட்டில் போய்விட வேண்டும். பூனையைக் கையில் வைத்துக்கொண்டு கழற்ற முடியாது. கூட ஒருவர் இருந்தால் அவர் முன்னால் போய், அந்தப் பக்கம் பையைத் திறந்து வைத்துக் காத்திருக்கட்டும். தனியாகப் போகிறவர்கள் வரிசையில் நிற்கும்போதே காவலரிடம், "சார், பூனை இருக்கு, ரொம்பப் பயப்படும், ஓரமா வச்சுப் பார்த்துக்கிறீங்களா" என்று கேட்டுவிடுங்கள். கேட்டால் பெரும்பாலும் இடம் தருகிறார்கள்.

விமானத்துக்குள் செய்ய வேண்டியது அதிகமில்லை. பையின் வலைப்பக்கம் நம் காலைப் பார்த்து இருக்கட்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கும். வலை வழியாக விரல் நுனியில் ஒரு பொட்டுத் தயிரோ கோழி ஈரலோ நீட்டினால் நக்கி விழுங்கும், காது திறந்துகொள்ளும். அழைத்துக்கொண்டே இருக்காதீர்கள், நம் குரலில் பதற்றம் இருந்தால் அது பிடித்துக்கொள்ளும்.

இறங்கியதும் பையைக் காரில் திறக்க வேண்டாம், ஆசையாக இருந்தாலும். போகிற வீட்டில் ஒரே ஒரு அறை, சன்னல் சாத்தி, ஒரு மூலையில் மண் தட்டு, இன்னொரு மூலையில் தண்ணீர். பையை நடுவில் வைத்து ஜிப்பைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். நாய் உடனே வந்துவிடும். பூனை ஒரு மணி நேரம் கழித்து வரலாம், ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகும் வரலாம். சாப்பிடவில்லை என்றால் முதல் நாள் பொறுத்துக்கொள்ளலாம். 24 மணி நேரம் தாண்டியும் பூனை எதையும் தொடவில்லை என்றால் அந்த ஊர் டாக்டரைப் பாருங்கள், பூனைக்குப் பட்டினி கல்லீரலைத் தாக்கும். பழைய சேலையை ஒரு வாரத்துக்குத் துவைக்காதீர்கள். பையையும் மடித்துப் பரணில் போட்டுவிடாமல் அந்த அறையிலேயே திறந்தபடி விட்டுவையுங்கள். புது ஊரில் அதற்கு மதுரை வீடு என்று மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.